வெள்ளைச் சுண்டெலி என்று மட்டும் எழுதினால் போதாது: விலங்கு நெறிமுறைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாக்டீரியத் தொற்று குறித்த ஆய்வுத் திட்டங்கள் உங்கள் மேசைக்கு வரும்போது, விலங்குச் சோதனைக்கு ஒப்புதல் கேட்கும் பி படிவத்தில் விலங்கின் விவரம் எழுதும் இடத்தில் ‘வெள்ளைச் சுண்டெலி, 25 முதல் 30 கிராம், இருபாலும், எண்ணிக்கை 48’ என்பது போன்ற ஒற்றை வரியை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். விண்ணப்பதாரராக நானே அப்படிப்பட்ட வரிகளை எழுதியிருக்கிறேன். பின்னாளில் குழு உறுப்பினராக அமர்ந்து அவற்றுக்கு ஒப்புதல் கையெழுத்தும் இட்டிருக்கிறேன். தொற்று ஆய்வைப் பொறுத்தவரை அந்த வரி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்பதையும், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் சில விலங்குகள் வீணாகச் சாக நாம் இசைவு தருகிறோம் என்பதையும் எடுத்துச் சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் குழுவில் அறிவியல் துறை சாராத உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அவரையும் மனத்தில் வைத்தே எழுதுவதால், துறை வல்லுநர்களுக்குத் தெரிந்த செய்திகள் சிலவற்றை விரித்துச் சொல்ல நேர்கிறது. அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர் குறித்து ஒரு சொல். தமிழில் எலி வேறு, சுண்டெலி வேறு. வயல்வரப்பில் வளை தோண்டுவதையும் அரிசிப்பானைக்குப் பின்னால் ஓடுவதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. ஆனால் தமிழ்ச் செய்தித்தாள்களிலும், சில வேளைகளில் பாடநூல்களிலும், ஆய்வக விலங்கு எதுவாயினும் ‘எலி’ என்றே அச்சாகிறது. இம்மடலில் நான் பேசுவது முழுக்கச் சுண்டெலியைப் பற்றியது. சுண்டெலி என்று சொல்லிவிட்டாலும் விவரம் முழுமையடைவதில்லை. எந்தச் சுண்டெலி என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆய்வகங்களில் எல்லோரும் கம்ப்ளிமென்ட் என்றே அழைக்கும் நிரப்புப் புரதத் தொகுதி, இரத்தத்தில் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். 1894இல் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ரிச்சர்ட் ஃபைஃபர், காலராவுக்கு எதிராக நோய்த்தடுப்பு பெற்ற கினிப்பன்றியின் வயிற்றறைக்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தியபோது அவை அங்கேயே கரைந்து மறைவதைக் கண்டார். மறு ஆண்டு பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்தே, அந்த ஆற்றல் இரண்டு பொருள்கள் சேர்ந்து விளைவது என்று காட்டினார்: ஒன்று வெப்பத்தைத் தாங்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), மற்றொன்று ஏறத்தாழ 55 பாகை செல்சியசில் சூடேற்றினால் செயலிழந்துபோவது, எதிர்ப்பொருளின் வேலையை நிறைவு செய்வது. இந்த இரண்டாவதற்கு நிரப்பி என்று பொருள்படும் பெயரைப் பின்னர் இட்டவர் பால் ஏர்லிக். போர்தேவுக்கு 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் ஒரு சீரத்தில், அதாவது குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீரில், கம்ப்ளிமென்ட் வேலை செய்யக் கூடாதென்றால் அதை 56 பாகையில் அரை மணி நேரம் நீர்க்கலத்தில் வைக்கிறோம். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாறாத சில செய்முறைகளில் அதுவும் ஒன்று.

இந்தப் புரதங்கள் மூன்று வழிகளில் விழித்துக்கொள்கின்றன. கிருமியின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளை சி1 என்ற புரதம் கண்டுகொள்வது ஒரு வழி. கிருமியின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைகளை லெக்டின்கள் என்ற புரதங்கள் பற்றிக்கொள்வது இன்னொரு வழி. மூன்றாவது வழி யார் தட்டுவதற்கும் காத்திருப்பதில்லை. சி3 என்ற புரதம் குருதியில் சிறிது சிறிதாகத் தானே திறந்துகொண்டு, தடுப்பார் இல்லாத மேற்பரப்பு எதிர்ப்பட்டால் அதில் ஒட்டிப் பெருகுகிறது. (வரிசை எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: சி1க்கு அடுத்து வேலை செய்வது சி4, அதன் பிறகே சி2. கண்டுபிடித்த வரிசையில் எண் இட்டதன் விளைவு அது. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் தேர்வில் இதில் தவறிவிழுகிறார்கள்.) எந்த வழியில் தொடங்கினாலும் எல்லாம் சி3இல் வந்து சேர்கின்றன. சி3 பிளவுபட்டதும் அதன் பெரிய துண்டு கிருமியின் உடலில் பிணைப்பு விடாமல் ஒட்டிக்கொண்டு, விழுங்கும் வெள்ளையணுக்களுக்குப் பிடிமானமாக நிற்கிறது. அடுத்து சி5 பிளவுபடுகிறது. சி5ஏ என்ற சிறு துண்டு நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களைக் குருதிக் குழாயிலிருந்து தொற்று நடக்கும் இடத்துக்கு அழைக்கிறது. சி5பி என்ற பெரிய துண்டு சி6, சி7, சி8, பல சி9 ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு கிருமியின் சவ்வில் துளையிடுகிறது.

அந்தத் துளை பார்ப்பதற்குக் கவர்ச்சியானது என்பதால் பாடநூல்களில் பெரிய படம் அதற்குத்தான். ஆனால் அதன் பயன் முக்கியமாக, மெல்லிய சுவரும் வெளிச்சவ்வும் கொண்ட கிராம் நெகட்டிவ் கிருமிகளிடத்தில்தான். லிஸ்டீரியா, நியூமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளின் சுவர் தடித்தது. துளையிடும் புரதங்கள் உள்சவ்வை எட்டுவதில்லை. அவற்றின் மீது கம்ப்ளிமென்ட் செய்யும் வேலையெல்லாம் ஒட்டுவதும் அழைப்பதும்தான். சுண்டெலியில் எந்தப் புரதம் இல்லாமற்போனால் எந்தக் கிருமி வெல்லும் என்பது பெரிதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

நம்முடைய சிக்கல் சி5இல் இருக்கிறது. ஆய்வகச் சுண்டெலிகளில் பெரும்பகுதி, உடன்பிறந்தவற்றையே இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகள் இணைசேர்த்து உருவாக்கிய தூயவழிகள். ஒரு வழிக்குள் எல்லா விலங்குகளும் மரபணு அளவில் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். 1960களில் பலரும் இவ்வழிகளின் சீரத்தைச் சோதித்தபோது, சில வழிகளின் சீரம், கம்ப்ளிமென்ட் முழுமையாக இருந்தால் உடைந்திருக்க வேண்டிய சிவப்பணுக்களை உடைக்கவே மறுத்தது. ஒற்றை மரபணு ஒன்றே அதற்குக் காரணம் என்பது 1964இல் தெரியவந்தது. இல்லாமற்போனது சி5 என்பது அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உறுதியானது. 1990இல் அந்த மரபணுவைப் படித்துப் பார்த்தபோது காரணம் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியதாக இருந்தது: இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் நகர்ந்து, சில எழுத்துகள் தள்ளி முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது. முழுப் புரதம் உருவாவதில்லை. ஆராயப்பட்ட தூயவழிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தக் குறையைச் சுமக்கின்றன. ஏ/ஜே, ஏகேஆர்/ஜே, டிபிஏ/2ஜே, எஃப்விபி/என்ஜே, எஸ்டபிள்யூஆர்/ஜே, என்ஓடி ஆகியவை அப்பட்டியலில் உள்ளவை. சி57பிஎல்/6, பால்ப்/சி, சி3எச் ஆகியவற்றில் சி5 இருக்கிறது.

இப்போது அந்த ‘வெள்ளைச் சுண்டெலி’ என்ற சொல்லை மீண்டும் பாருங்கள். பால்ப்/சி வெள்ளை. ஏ/ஜே வெள்ளை. ஏகேஆரும் எஃப்விபியும் எஸ்டபிள்யூஆரும் என்ஓடியும் வெள்ளை. கூண்டுக்குள் குனிந்து பார்க்கும் எவரும், நான் உட்பட, சிவந்த கண்ணையும் வெள்ளை மயிரையும் வைத்து இவற்றில் எதற்கு சி5 உண்டு என்று சொல்ல முடியாது.

நம் நாட்டு ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்கும் ஸ்விஸ் அல்பினோ என்ற வெள்ளைச் சுண்டெலி இன்னும் கவனத்துக்குரியது. 1926இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்ட இரண்டு ஆண், ஏழு பெண் சுண்டெலிகளின் வழித்தோன்றல்கள் இவை. எஸ்டபிள்யூஆர், எஃப்விபி ஆகிய இரு தூயவழிகளும் இந்த ஸ்விஸ் கூட்டத்திலிருந்து பிரிந்தவை. இரண்டிலும் சி5 இல்லை. ஆகவே அந்தக் குறை ஸ்விஸ் கூட்டத்துக்குள்ளேயே உலவிக்கொண்டிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். ஸ்விஸ் அல்பினோ கலந்து பெருக்கப்படும் கூட்டம் என்பதால், உங்கள் நிறுவன விலங்குக் கூடத்தில் ஒரே கூண்டில் உறங்கும் இரண்டு விலங்குகளில் ஒன்றுக்கு சி5 இருக்கலாம், மற்றொன்றுக்கு இல்லாமலிருக்கலாம். சோதித்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆய்வகத்தில், வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கும் சோதனை ஒன்றுக்குக் கம்ப்ளிமென்ட் ஆதாரமாகச் சாதாரணச் சுண்டெலிச் சீரத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் சோதனை நன்றாக வரும். அடுத்த மாதம் படுத்துவிடும். கரைசலை மாற்றினேன், கிருமியின் வளர்ப்பை மாற்றினேன், மின்வெட்டில் உறைபெட்டி உருகியிருக்குமோ என்று ஐயப்பட்டேன். கடைசியில் மூத்த தொழில்நுட்பர் ஒருவர், சீரத்தை ஒன்றாகக் கலக்காமல் விலங்கு விலங்காகச் சோதித்துப் பாருங்கள் என்றார். எதிர்ப்பொருள் பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களைக் குழாய்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கின் சீரத்தை இட்டு, 37 பாகை நீரில் வைத்துவிட்டுச் சுழற்றி எடுத்தோம். பெரும்பாலான குழாய்களில் மேல்நீர் செம்பருத்திச் சாற்றைப் போலச் சிவந்து தெளிந்திருந்தது, அடியில் ஒன்றுமில்லை. சில குழாய்களில் மட்டும் நீர் நிறமற்றுக் கிடக்க, அடியில் சிவப்பணுக்கள் குங்குமப் பொட்டைப் போலக் குழையாமல் அமர்ந்திருந்தன. எல்லா விலங்குகளும் ஒரே கூண்டுத் தொகுப்பிலிருந்து வந்தவை. கூண்டு அட்டையில் இருந்த சொல் ‘வெள்ளை’ என்பது மட்டுமே. அதற்கு முந்தைய பல மாதங்களில் நான் குருதி எடுத்த விலங்குகள் எத்தனை என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுத மனம் வரவில்லை.

நான் இழந்தது சில மாத உழைப்பு. உயிருள்ள விலங்குக்குள் நேரடியாகக் கிருமியைச் செலுத்தும் ஆய்வில் இதே பிழை நேர்ந்தால் விளைவு வேறு. மான்ட்ரியலில் ஆய்வு செய்தவர்கள் 1984இல் வெளியிட்ட முடிவை எடுத்துக்கொள்வோம். லிஸ்டீரியா மோனோசைட்டோஜெனிஸ் கிருமியை ஏ/ஜே சுண்டெலியால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை, சி57பிஎல்/6 தாங்கிக்கொள்கிறது. இவ்விரண்டையும் கலந்து உருவாக்கிய வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எதிர்ப்பாற்றலும் சி5 மரபணுவும் சேர்ந்தே செல்வதை அவர்கள் கண்டறிந்தார்கள். லிஸ்டீரியா கிராம் பாசிட்டிவ். அதன் சவ்வில் துளை விழாததற்காக அந்த விலங்கு சாகவில்லை. சி5ஏ இல்லாததால் வெள்ளையணுக்களுக்கான அழைப்பு உரிய நேரத்தில் உரிய அளவில் போகவில்லை. அந்த இடைவெளியில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் கிருமி பெருகிவிட்டது.

அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. உலகெங்கும் மாடுகளுக்குப் போடப்படும் அடைப்பான் தடுப்பூசியில் இருப்பது ஸ்டெர்ன் என்னும் உயிருள்ள வகை. உறை இழந்த, வீரியம் குன்றிய கிருமி அது. சி57பிஎல்/6 சுண்டெலிக்கு அதைச் செலுத்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. ஏ/ஜே செத்துப்போகிறது. 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் இந்த வேறுபாட்டுக்கு சி5 குறையே காரணம் என்று சுட்டின. ஆனால் இரண்டு வழிகளுக்கிடையே ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் இருக்கையில் ஒன்றை மட்டும் குற்றம் சாட்டுவது எப்படி? 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதற்கு எதிர்த்திசையிலிருந்து விடை தேடியது. தாங்கக்கூடிய சி57பிஎல்/6 சுண்டெலிக்கே நாக நஞ்சுக் காரணியைச் செலுத்தி, அதன் கம்ப்ளிமென்டை வற்றவைத்தார்கள். அதன் பிறகு அதே தடுப்பூசிக் கிருமிக்கு அந்த விலங்கும் இரையானது.

நாக நஞ்சுக் காரணி பற்றி இரண்டு வரி எழுதாமல் நகர மனமில்லை. நாக இனப் பாம்புகளின் நஞ்சில் உள்ள இந்தப் புரதம், பாம்பின் சொந்த சி3க்கே நெருங்கிய உறவு. கடிபட்ட விலங்கின் உடலில் சி3 வேலையைச் செய்வது போலத் தொடங்கிவிட்டு, நிறுத்தும் கட்டளை எதற்கும் அடங்காமல் சுழன்று, இருக்கும் சி3 முழுவதையும் தீர்த்துவிடுகிறது. பாம்பு கடிக்கப் பயன்படுத்தும் பொருளைக் கொண்டு நாம் சில நாள்களுக்கு மட்டும் கம்ப்ளிமென்ட் இல்லாத சுண்டெலியை உருவாக்கிக்கொள்கிறோம். பிறவியிலேயே குறையுள்ள வழியையும், பிறகு வற்றவைத்த விலங்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும் திட்டம் உங்கள் முன் வந்தால், விலங்கின் எண்ணிக்கை கூடுகிறதே என்று உடனே வெட்டிவிடாதீர்கள். அந்தக் கூடுதல் விலங்குகள்தாம் மற்றவற்றின் சாவுக்குப் பொருள் தருகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சி5 குறை என்று அறிந்ததும் ஏ/ஜே சுண்டெலியை ‘எதிர்ப்பாற்றல் குன்றியது’ என்று ஒட்டுமொத்தமாக முத்திரை குத்திவிடுவதையும் பார்க்கிறேன். சால்மோனெல்லா டைஃபிமியூரியம் கிருமியைக் கொடுத்துப் பாருங்கள், தலைகீழாக மாறிவிடும். சி57பிஎல்/6, பால்ப்/சி இரண்டிலும் என்ராம்ப்1 என்ற மரபணுவில் ஒரு பிழை இருப்பதால் அவை விரைவில் மடிகின்றன. அந்தப் பிழை ஏ/ஜேயில் இல்லை. மறுபுறம், லீஜியோனெல்லா கிருமி ஏ/ஜேயில் பெருகுவதற்குக் காரணம் சி5 அன்று, நெய்ப்5 என்ற வேறொரு மரபணு. சி3எச்/எச்இஜே என்ற வழியில் சி5 குறைவில்லாமல் இருந்தும், கிராம் நெகட்டிவ் கிருமியின் உள்நச்சை உணரும் டிஎல்ஆர்4 என்ற புரதம் பழுதாகியிருப்பதால் அது சால்மோனெல்லாவிடம் தோற்கிறது. ஆகவே வலிய சுண்டெலி, நோஞ்சான் சுண்டெலி என்ற பிரிவினை கிடையாது. இந்தக் கிருமிக்கு இந்த விலங்கு என்ற கணக்குதான் உண்டு. ஓர் ஆய்வாளர் ஏ/ஜேயையும் சி57பிஎல்/6ஐயும் ஒப்பிட்டுவிட்டு ‘கம்ப்ளிமென்டின் பங்கு’ என்று தலைப்பிட்டால், மற்ற வேறுபாடுகளை எப்படி விலக்கினீர்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

இதற்கென்றே ஓர் அழகான இணை இருக்கிறது. பி10.டி2 என்ற வழியில் இரண்டு கிளைகள். மரபணுக்களில் ஏறத்தாழ முழுதும் ஒத்தவை, ஆனால் ஒன்றில் சி5 உண்டு, மற்றொன்றில் இல்லை. முழுப் பெயரில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது, பழையது புதியது என்பதைக் குறிக்கும் ஒரே ஓர் எழுத்து. ‘ஓ’ என்று இருந்தால் குறையுள்ளது. ‘என்’ என்று இருந்தால் நிறைவுள்ளது. கட்டுரைகளில் இடம் மிச்சப்படுத்துவதற்காக ‘பி10.டி2’ என்று சுருக்கிவிட்டால் அந்த ஆய்வை யாரும் மீளச் செய்ய முடியாது. முழுப் பெயர் எழுதச் சொல்வதைப் பலர் அலுவலக நச்சரிப்பு என்று எண்ணுகிறார்கள். இந்த ஓரெழுத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

மரபணு நீக்கிய சுண்டெலிகள் வந்த பிறகு கேள்விகள் கூர்மையடைந்தன. 1995இல் வெளிவந்த ஆய்வொன்றில், சி3 இல்லாத சுண்டெலிகளில் பாதியைக் கொல்லத் தேவையான பி தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கசின் அளவு, இயல்பான விலங்குகளுக்குத் தேவையானதில் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. சி4 இல்லாதவற்றுக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைகளுக்குக் குருதித் தொற்றையும் மூளையுறை அழற்சியையும் தரும் கிருமி இது என்பதால் அந்த எண்களுக்கு மகப்பேறு மருத்துவத்திலும் பொருளுண்டு. 2002இல் லண்டனிலிருந்து வந்த நியூமோகாக்கஸ் ஆய்வு இன்னொரு வியப்பைத் தந்தது. முன்பின் அந்தக் கிருமியைச் சந்தித்திராத விலங்கில், கம்ப்ளிமென்ட் விழித்துக்கொள்ளும் மூன்று வழிகளில் எதிர்ப்பொருள் தேவைப்படாதவையே முன்னிற்கும் என்று பலரும் நினைத்திருந்தனர். ஆனால் சி1இன் ஒரு பகுதியான சி1க்யூ நீக்கிய சுண்டெலிகளே மிகுதியாகத் துன்புற்றன. பிறவியிலேயே குருதியில் மிதக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் நியூமோகாக்கசைத் தொட்டுக்காட்ட, சி1 அதைப் பற்றிக்கொண்டு செல்கிறது என்பது விளக்கம்.

இந்த ஐம்பதில் ஒரு பங்கு என்பதை நெறிமுறைக் குழு வேறொரு கோணத்திலும் வாசிக்க வேண்டும். இயல்பான விலங்குக்கு ஏற்ற அளவில் கிருமியைத் தீர்மானித்து, அதே அளவைக் குறையுள்ள விலங்குக்கும் கொடுத்து, நாளுக்கு இருமுறை பார்வையிடுவோம் என்று எழுதப்பட்ட திட்டங்கள் எத்தனை! சி3 இல்லாத விலங்கு மாலைப் பார்வையில் முதுகு கூனி மயிர் சிலிர்த்திருக்கத் தொடங்கினால், மறுநாள் காலைப் பார்வைக்குள் தனியாகக் கிடந்து துடித்துச் செத்திருக்கும். அதன் உடல் வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைச் சில விலங்குகளைக் கொண்ட முன்சோதனையில் பார்த்து, அதற்கேற்ப இரவிலும் பார்வையிட ஆள் வைத்து, துன்பத்தை முடித்துவைக்கும் தருணத்தை ஒவ்வொரு சுண்டெலி வழிக்கும் தனியாக வரையறுக்காத திட்டத்துக்கு நீங்கள் ஒப்புதல் தரக் கூடாது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கிருமி செலுத்தும் வழக்கத்தையும் இங்கேயே நிறுத்திவிடலாம்.

பால் வேறுபாட்டையும் எளிதில் கடந்துவிட முடியாது. பல தூயவழிகளில் பெண் சுண்டெலியின் சீரத்தில் துளையிடும் இறுதிக் கட்டப் புரதங்களின் செயல் ஆணைவிடக் குறைவு. ஆண் ஹார்மோனின் கட்டுப்பாட்டில் அது நடக்கிறது. ‘இருபாலும்’ என்று ஒரு சொல்லில் எழுதி, எந்தக் குழுவில் எத்தனை ஆண் எத்தனை பெண் என்று பிரிக்காமல் விடுவது, இரண்டு வகை விலங்குகளைக் கலந்து ஒன்றெனக் கணக்கிடுவதற்குச் சமம். பெண் விலங்குகள் கூண்டில் சண்டையிடுவதில்லை என்பதற்காகப் பெண்ணை மட்டும் பயன்படுத்தும் வழக்கம் பரவலானது, வசதியானதுதான். கிருமியைத் துளையிட்டுக் கொல்லும் ஆற்றலைச் சுண்டெலிச் சீரத்தில் அளக்கப்போகிறவர் அந்த வசதிக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டு தேர்வு செய்யட்டும்.

மனிதருக்கு இதனால் என்ன பயன் என்று அறிவியல் சாராத உறுப்பினர் கேட்பார், கேட்க வேண்டும். நேர்மையான விடை, ஓரளவுக்குத்தான் என்பது. சி5 முதல் சி9 வரையான புரதங்களில் ஒன்று பிறவியிலேயே இல்லாத மனிதர்களுக்கு முதன்மையாக வருவது, மூளையுறை அழற்சியைத் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமியின் தொற்று. சி5ஐ மருந்தால் தடுத்தாலும் அதே ஆபத்து. 2007இல் ஒப்புதல் பெற்ற எக்குலிசுமாப் என்ற மருந்தைத் தொடங்கும் முன் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி போடுவது அதனால்தான். சுண்டெலியில் சி5 குறை லிஸ்டீரியாவிலும் அடைப்பானிலும் வெளிப்பட, மனிதரில் வேறு கிருமியில் வெளிப்படுகிறது. மெனிங்கோகாக்கஸ் தன் உடலில் எச் காரணி என்ற மனிதக் கட்டுப்பாட்டுப் புரதத்தைப் பற்றிப் போர்த்திக்கொண்டு கம்ப்ளிமென்டிடமிருந்து தப்பிக்கிறது. சுண்டெலியின் எச் காரணி அதன் கைக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே சாதாரணச் சுண்டெலியில் அந்தக் கிருமி தன் முழுத் திறமையைக் காட்ட முடியாது. மனித எச் காரணியை உருவாக்கும்படி மாற்றிய சுண்டெலிகள் தேவைப்பட்டன. சுண்டெலிக்கென்றே உள்ள புரதங்களும் உண்டு. தன் செல்களைக் கம்ப்ளிமென்டிடமிருந்து காக்கச் சுண்டெலி நம்பியிருக்கும் கிரை என்ற புரதம் நமக்குக் கிடையாது. அதை நீக்கினால் கருவிலேயே குட்டி அழிகிறது, சி3ஐயும் சேர்த்து நீக்கினால் பிழைக்கிறது. ‘மனித நோய்க்கு மாதிரி’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால், எந்தக் கிருமிக்கு, எந்தப் புரதத்தளவில் மாதிரி என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

இனி உங்களிடம் நான் வேண்டுவது. விலங்கின் விவரம் கேட்கும் இடத்தில் தூயவழியின் முழுப் பெயரும், எங்கே வளர்க்கப்பட்டது என்பதும், சி5 உண்டா இல்லையா என்பதும் எழுதப்படாத பாக்டீரியத் தொற்றுத் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஸ்விஸ் போன்ற கலப்புக் கூட்டமானால், குழு பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு விலங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். அடையாளத்துக்காகக் காதில் துளையிடும்போது விழும் துணுக்கே, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்குப் போதும். ஒரு விலங்குக்குக்கூடக் கூடுதல் துன்பம் இல்லை. சோதிக்காமல் கலந்துவிட்டால் குழுவுக்குள் முடிவுகளின் சிதறல் பெருகும். சிதறல் பெருகினால் அடுத்த விண்ணப்பத்தில் 48 என்பது 80 ஆகும். ஆய்வில் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தலைப் பற்றி 1959 முதல் பேசிவருகிறோம். இங்கே குறைப்பதற்கான வழி ஒரு காதுத்துணுக்கின் விலையில் கிடைக்கிறது. மரபணு நீக்கிய விலங்குகளோடு ஒப்பிடுவதற்கு வேறெங்கிருந்தோ வாங்கிய இயல்பான விலங்குகளை வைக்காமல், ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளை வைக்கச் சொல்லுங்கள். குடல் நுண்ணுயிர்களும் அப்போது ஒத்திருக்கும். சீரம் எடுக்கப்படும் ஆய்வானால், எடுத்த குருதி எவ்வளவு நேரத்தில் பிரிக்கப்படும், எந்த வெப்பநிலையில் வைக்கப்படும் என்று கேளுங்கள். சுண்டெலியின் கம்ப்ளிமென்ட் எளிதில் கெடும். பனிக்கட்டி மீது வைத்து விரைந்து பிரித்து, சிறு அளவுகளாகப் பகுத்து, மைனஸ் 80 பாகை உறைபெட்டியில் இடாமல், மைனஸ் 20இல் ஐஸ்கிரீமோடு வைத்த சீரத்தில் அளப்பதற்கு ஒன்றும் எஞ்சியிருக்காது. ஐஸ்கிரீம் என்று மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம், கண்டிருக்கிறேன்.

இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; படிவத்தை மாற்றும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. குழுவின் உறுப்பினர் செயலர் ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினாலே விண்ணப்பதாரர்கள் அடுத்த கூட்டத்துக்குள் இந்த விவரங்களை இணைத்துவிடுவார்கள். விலங்குக் கூடப் பொறுப்பாளர் தன்னிடம் உள்ள இனப்பெருக்கக் கூண்டுகளை ஒருமுறை சோதித்து முடிவைக் கூண்டு அட்டையிலேயே எழுதி ஒட்டிவிட்டால், ஆய்வாளர்களின் வேலையும் பாதியாகும். சிவப்பணு உடைப்புச் சோதனைக்கான செய்முறையைத் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் எந்த விலங்குக் கூடத்துக்கும் அனுப்புகிறேன், முதல்முறை வந்து உடனிருந்து செய்துகாட்டவும் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
தொற்றுநோய் எதிர்ப்பாற்றல் துறையில் பணியாற்றும் ஓர் ஆய்வாளர்